அலியாஸ் (எ) மாற்றுப்பெயர்: டெர்மினலில் நாமே வைக்கும் பெயர்கள்

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். திரும்ப வந்த வாக்கியங்களை மட்டும் சுருக்கியிருக்கிறோம். கட்டளைகள் பேசியபடியே தரப்பட்டுள்ளன.)

இன்னைக்கு எடுத்துக்கிட்டிருக்கிறது ரொம்பச் சின்ன விஷயம். லினக்ஸ் டெர்மினல்ல ஒரு நீளமான கட்டளைக்கு நாமளே ஒரு சின்னப் பேர் வெச்சுக்கறது. அலியாஸ்னு சொல்வாங்க. தமிழ்ல மாற்றுப்பெயர்னு எழுதறோம். ஆனா இதுக்கு நம்ம ஊர்ல ஏற்கனவே ஒரு குறியீடு இருக்கு. போலீஸ் எஃப்ஐஆர்ல, பத்திரப்பதிவுல, கண்ணீர் அஞ்சலி போஸ்டர்ல பார்த்திருப்பீங்க: 'சுப்பிரமணியன் (எ) மணி'. அடைப்புக்குறிக்குள்ள ஒத்தையா நிக்குதே அந்த 'எ', 'என்கிற' என்பதோட சுருக்கம், அதுதான் அலியாஸ். கணினிக்காரங்க புதுசா ஒண்ணும் கண்டுபிடிக்கல.

இலக்கணத்திலயும் இது இருக்கு. பள்ளிக்கூடத்துல படிச்சிருப்போம், தஞ்சாவூர் தஞ்சை ஆச்சு, கோயம்புத்தூர் கோவை ஆச்சு, புதுச்சேரி புதுவை ஆச்சு. இதுக்கு மரூஉன்னு பேர். இன்னொண்ணு குழூஉக்குறி. ஒரு கூட்டத்துக்குள்ள மட்டும் புரியற சொல். பொற்கொல்லர்கள் பொன்னைப் பறி என்று சொல்வது, உரைநூல்கள்ல திரும்பத் திரும்ப வர்ற உதாரணம். இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசத்தை மனசுல வெச்சுக்கங்க. மரூஉ ஊருக்கே புரியும். கோவைக்கு டிக்கெட் கேட்டா எந்த பஸ் ஸ்டாண்டுலயும் குடுப்பாங்க. குழூஉக்குறியை அந்தப் பட்டறைக்கு வெளியில சொன்னா ஒருத்தருக்கும் விளங்காது. டெர்மினல்ல நாம வைக்கிற பேர் பார்க்கறதுக்கு மரூஉ மாதிரி இருக்கும், நடத்தையில அது குழூஉக்குறி. பல பேர் மாட்டிக்கறது இங்கதான்.

நான் பேசறது இரும்பையிலிருந்து. திண்டிவனம்–புதுச்சேரி நெடுஞ்சாலையை விட்டு ஆரோவில் பக்கம் திரும்பினா வர்ற ஊர். சம்பந்தர் பாடின மாகாளேஸ்வரர் கோயில் இருக்கிற இரும்பை மாகாளம் இதுதான். வடக்கே கடற்கரையோரமாப் போனா மரக்காணம் உப்பளம். வேலைநாள்ல நான் வீட்டிலிருந்தே சர்வர் பார்த்துக்கற வேலை. ஞாயிறு சாயங்காலம் பழைய நாலு கம்ப்யூட்டரை வெச்சுக்கிட்டு பக்கத்துத் தெருப் பிள்ளைங்களுக்கு லினக்ஸ் சொல்லித் தர்றோம். நானும் இன்னொரு அக்காவும். இன்னைக்குச் சொல்றதுல பாதி அந்த வகுப்புல நடந்த வாக்குவாதம்.

முதல்ல கொஞ்சம் வரலாறு. யுனிக்ஸ் 1969ல பெல் ஆய்வகத்துல ஆரம்பிச்சப்போ கட்டளை அடிச்சது பெரும்பாலும் திரையில இல்ல. டெலிடைப்னு தட்டச்சு மாதிரி ஒரு இயந்திரம். நொடிக்கு 10 எழுத்து அச்சடிக்கும், விசையெல்லாம் விரலுக்கு வலி குடுக்கற அளவு இறுக்கம். அதனால எழுத்தை மிச்சம் பிடிச்சாங்க. லிஸ்ட் எல்எஸ் ஆச்சு, காப்பி சிபி ஆச்சு, மூவ் எம்வி ஆச்சு, ரிமூவ் ஆர்எம் ஆச்சு. கிரியேட்னு எழுத வேண்டிய ஒரு சிஸ்டம் கால்ல கடைசி 'இ'யைக்கூட விட்டுட்டாங்க. யுனிக்ஸைத் திரும்ப எழுதினா என்ன மாத்துவீங்கன்னு கென் தாம்ப்சனைக் கேட்டப்போ, அந்த 'இ'யைச் சேர்த்துடுவேன்னு வேடிக்கையாச் சொன்னதா ஒரு கதை உண்டு. ஆக, எல்எஸ்ஸே ஒரு சுருக்கப் பேர்தான். வேற ஒருத்தங்க, வேற ஒரு நாட்டுல, அவங்க விரல் வலிக்காம இருக்க வெச்சது. அது உலகம் முழுக்கப் பரவி மரூஉ ஆயிடுச்சு.

நாமளே பேர் வெச்சுக்கற வசதி 1970களோட கடைசியில வந்தது. பெர்க்லியில பில் ஜாய் எழுதின சி ஷெல்லுல. அதே சமயம் 1979ல வந்த போர்ன் ஷெல்லுல அது இல்ல. அப்புறம் 1983ல டேவிட் கோர்ன் தன்னோட ஷெல்லுல சேர்த்தார். 1989ல பிரையன் ஃபாக்ஸ் எழுதி வெளிவந்த பேஷ் இதையெல்லாம் எடுத்துக்கிச்சு. இன்னைக்கு உபுண்டு போட்டதும் நீங்க பார்க்கிறது பேஷ். ஆப்பிள் கம்ப்யூட்டர்ல 2019லேர்ந்து ஸீ ஷெல். அலியாஸ் ரெண்டுலயும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி.

எப்படி வைக்கிறதுன்னு காதால கேக்கறவங்களுக்காக மெதுவாச் சொல்றேன். அலியாஸ், ஒரு இடைவெளி, நீங்க வைக்கிற பேர், சமக்குறி, ஒற்றை மேற்கோளுக்குள்ள முழுக் கட்டளை. சமக்குறிக்கு ரெண்டு பக்கமும் இடைவெளி விடக்கூடாது. புதுசாக் கத்துக்கறவங்கள்ல பத்துக்கு எட்டுப் பேர் இங்க இடைவெளி விடுவாங்க. பள்ளிக்கூடத்துக் கணக்கு நோட்டுப் பழக்கம். ஒற்றை மேற்கோள்னு சொன்னதுக்கும் காரணம் இருக்கு. இரட்டை மேற்கோள் போட்டா, உள்ள இருக்கிற தேதி மாதிரியான மாறிகளைப் பேர் வைக்கிற நேரத்திலேயே ஷெல் கணக்குப் பண்ணிடும். காலையில திறந்த டெர்மினலை ராத்திரி பன்னிரண்டு தாண்டியும் மூடாம வெச்சிருந்தா, அது நேத்தைய தேதியையே சொல்லிக்கிட்டிருக்கும்.

டெர்மினலை மூடினா பேரும் போயிடும். நிலைச்சு இருக்கணும்னா வீட்டு அடைவுல, டாட் பேஷ்ஆர்சின்னு ஒரு கோப்பு இருக்கும், அதுல எழுதி வைக்கணும். உபுண்டு, டெபியன் ரெண்டுலயும் டாட் பேஷ் அண்டர்ஸ்கோர் அலியாசஸ்னு தனிக் கோப்பு வெச்சா, பேஷ்ஆர்சி தானே அதைத் தேடிப் படிச்சுக்கும். உபுண்டுக்காரங்களே எல்எல், எல்ஏ, எல்னு மூணு பேர் வெச்சுத்தான் அனுப்பறாங்க. வெறுமனே அலியாஸ்னு அடிச்சு என்டர் தட்டினா மொத்தப் பட்டியலும் வரும். உங்க மெஷின்ல இப்பவே அடிச்சுப் பாருங்க. நீங்க வைக்காத பேரெல்லாம் இருக்கும்.

இது எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சா மத்ததெல்லாம் தானா விளங்கும். நீங்க ஒரு வரி அடிச்சதும் ஷெல் அதோட முதல் சொல்லைப் பார்க்கும். அது பட்டியல்ல இருந்தா, அந்தச் சொல்லை எடுத்துட்டு முழுக் கட்டளையை அங்க ஒட்டும். அவ்வளவுதான். எழுத்தை வெட்டி எழுத்தை ஒட்டற வேலை. முதல் சொல் மட்டும்தான், அதனாலதான் சுடோ போட்டு அதுக்கப்புறம் உங்க பேரை அடிச்சா அப்படி ஒரு கட்டளை இல்லைன்னு வரும். இதுக்கு ஒரு தந்திரம் இருக்கு. சுடோவுக்கே சுடோன்னு ஒரு அலியாஸ் வெச்சு, மேற்கோளை மூடறதுக்கு முன்னாடி ஒரு இடைவெளி விடணும். இடைவெளியில முடிஞ்சா அடுத்த சொல்லையும் பட்டியல்ல தேடுன்னு விதி. யாரு இப்படி ஒரு விதியை யோசிச்சாங்களோ.

இன்னொரு விதி, இதுதான் முக்கியம். பேஷ்ல இயல்பா, மனுஷன் உக்காந்து தட்டற ஷெல்லுல மட்டும்தான் அலியாஸ் வேலை செய்யும். ஸ்கிரிப்ட் ஓடும்போது பேஷ் அந்தப் பட்டியலைத் தொடாது. ஸ்கிரிப்ட் ஓடும்போது பேஷ்ஆர்சியையே படிக்காது.

இதோட விலை என்னன்னு நான் நேர்ல பார்த்த ஒண்ணைச் சொல்றேன். மரக்காணம் பக்கம் உப்பு வாங்கி லாரியில அனுப்பற ஒரு சின்ன வியாபாரி. ஆபீஸ்னு சொன்னா ஒரு மேசை, ஒரு எடைமேடை ரசீதுக் கட்டு, பழைய உபுண்டு கம்ப்யூட்டர் ஒண்ணு. சொந்தக்காரப் பையன் ஒருத்தன் காலேஜ்ல படிச்சுக்கிட்டே கணக்கு பார்த்துக்கிட்டிருந்தான். கெட்டிக்காரன். எடைச்சீட்டு, லோடு கணக்கு, பாத்தி வேலை செய்யறவங்க வாங்கின முன்பணம் எல்லாம் கோப்பா வெச்சிருந்தான். அதை ஒரு வெளி டிஸ்குக்கு நகல் எடுக்க ஆர்சிங்க் கட்டளை. நீளமான வரி, அதனால நகல்னு ஒரு அலியாஸ். தினம் சாயங்காலம் நகல்னு அடிப்பான், வேலை முடியும்.

பரீட்சை நேரம் வந்தது. தினம் வர முடியாதுன்னு, நகல் என்கிற அந்த ஒரு சொல்லை ஒரு ஸ்கிரிப்ட் கோப்புல எழுதி, தினமும் ராத்திரி எட்டு மணிக்கு ஓடற மாதிரி கிரான்ல போட்டான். சோதிச்சும் பார்த்தான். ஆனா எப்படிச் சோதிச்சான்னா, தன் டெர்மினல்லேர்ந்து சோர்ஸ்னு போட்டு அந்தக் கோப்பை ஓட்டினான். சோர்ஸ் போட்டா அது அவன் உக்காந்திருக்கிற ஷெல்லுக்குள்ளேயே ஓடும், அங்க அலியாஸ் இருக்கு, வேலை செஞ்சது. கிரான் ஓட்டறப்போ அது வேற ஷெல். அங்க நகல்னா என்னன்னு தெரியாது. தினம் ராத்திரி எட்டு மணிக்கு 'நகல்: அப்படி ஒரு கட்டளை இல்லை'ன்னு ஆங்கிலத்துல ஒரு வரி சொல்லிட்டுப் போயிருக்கு. அந்த வரியை கிரான் மெயிலா அனுப்பப் பார்க்கும். அந்த மெஷின்ல மெயில் மென்பொருளே கிடையாது. அதனால தூக்கிப் போட்டுடுச்சு.

ஐப்பசி மழையில உப்பளத்துல வேலை கிடையாது. கணக்கு முடிக்கிற காலம் அதுதான். பருவத்துல வாங்கின முன்பணம் எவ்வளவு, வேலைக்குக் கழிச்சது எவ்வளவு, கையில வர வேண்டியது எவ்வளவுன்னு ஒவ்வொரு குடும்பத்தையும் கூப்பிட்டுப் பேசுவாங்க. அந்த நேரம் பார்த்து கம்ப்யூட்டரோட டிஸ்க் போச்சு. வெளி டிஸ்கை எடுத்துப் பார்த்தா சித்திரை மாசத்தோட நிக்குது. அஞ்சு மாசத்துக்கு மேல இல்ல. என்னைக் கூப்பிட்டாங்க. டிஸ்க்லேர்ந்து ஒண்ணும் தேறல.

எப்படிச் சமாளிச்சாங்கன்னா, மேஸ்திரி அம்மா ஒருத்தங்க ஒரு நாற்பது பக்க நோட்டு வெச்சிருந்தாங்க. அவங்க கையில வேலை செஞ்ச பெண்களோட பேர், நாள், பணம். பென்சில்ல எழுதினது. அந்த நோட்டை வெச்சு அவங்க குழுவோட கணக்கு சரியா வந்தது. நோட்டு இல்லாத குழுவுக்கெல்லாம் வாய்க்கணக்குதான். எனக்கு இவ்வளவு தர வேண்டியிருக்குன்னு அவங்க சொல்றாங்க, இல்ல இவ்வளவுதான்னு இவங்க சொல்றாங்க. வாய்க்கணக்குல யார் சொல் எடுபடும்னு உங்களுக்குத் தெரியும். அந்த வருஷம் தீபாவளிக்கு எதிர்பார்த்த காசு வராத வீடுங்க இருந்தது.

பையன் மேல யாரும் பெருசா கோபப்படல, அவனும் தப்பா எதையும் செய்யல. கையால அடிச்சப்போ வேலை செஞ்ச சொல் ஸ்கிரிப்ட்லயும் வேலை செய்யும்னு நினைக்கிறது நியாயம்தானே. அதுக்கப்புறம் செஞ்சது இது. ஆர்சிங்க் வரியை முழுசா ஒரு கோப்புல எழுதி, அதுக்கு நகல்னே பேர் வெச்சு, ஓடற அனுமதி குடுத்து, வீட்டு அடைவுல பின்னு ஒரு ஃபோல்டர்ல போட்டோம். உபுண்டுல அப்படி ஒரு ஃபோல்டர் இருந்தா, உள்ள நுழையும்போது ஷெல் அதையும் தேடற பாதையில சேர்த்துக்கும். கையால அடிச்சாலும் அதே சொல். கிரான்ல முழுப் பாதையும் எழுதினோம். வர்ற செய்தியையெல்லாம் ஒரு கோப்புல கொட்டச் சொன்னோம். வாரம் ஒரு நாள் வெளி டிஸ்க்கைத் திறந்து கடைசித் தேதியை அந்த மேஸ்திரி அம்மாவே பார்க்கறாங்க. அது என்னோட யோசனை இல்ல, அவங்களே கேட்டது. நோட்டையும் நிறுத்தல.

சரி, வகுப்புக்கு வர்றேன். தமிழ் வழியில எட்டாவது, ஒன்பதாவது படிக்கிற பிள்ளைங்க. முதல் நாள் ஒரு பொண்ணு கேட்டா, எல்எஸ்னா என்ன அண்ணா, அது ஏன் பார்னு இருக்கக்கூடாது. நியாயமான கேள்வி. பேஷ்ல அலியாஸ் பேருக்கு ஆங்கில எழுத்துதான் வேணும்னு விதி இல்ல. சாய்கோடு, டாலர், சமக்குறி, மேற்கோள், இடைவெளி மாதிரி ஷெல்லுக்குத் தனி அர்த்தம் இருக்கிற குறிகள் கூடாது, அவ்வளவுதான். அதனால அன்னைக்கே வெச்சோம். பார்னா எல்எஸ். போன்னா சிடி. எங்கன்னா பிடபிள்யூடி, அதாவது நான் இப்ப எந்த அடைவுல நிக்கிறேன். படின்னா கேட். அழின்னா ஆர்எம் ஹைஃபன் ஐ, கேட்டுட்டு அழிக்கிறது.

போ டவுன்லோட்ஸ், பார், எங்க. பிள்ளைங்க சிரிச்சுக்கிட்டே அரை மணி நேரத்துல அடைவு மரம் முழுக்கச் சுத்திட்டாங்க. நாய்க்குட்டிக்குச் சொல்ற மாதிரி இருக்குன்னு ஒருத்தன் சொன்னான். கட்டளைன்னா அதானே.

அடுத்த வாரம் ஒரு மெஷின்ல போ வேலை செய்யல. மத்த மூணுலயும் செய்யுது. திரையில பார்த்தா அதே போ. அடிச்சா அப்படி ஒரு கட்டளை இல்லைங்குது. இது சுவாரசியமான விஷயம், கொஞ்சம் நின்னு பார்க்கலாம். போ என்கிற எழுத்தை ஒருங்குறியில ரெண்டு விதமா எழுதலாம். பகரம், அதோட ஓகாரக் குறி ஒரே துண்டா. அப்போ ஆறு பைட். இல்லேன்னா பகரம், இரட்டைக் கொம்பு, கால்னு மூணு துண்டா. அப்போ ஒன்பது பைட். கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதான். ஒருங்குறித் தரமே ரெண்டும் சமம்னு சொல்லுது. ஆனா பேஷ் அப்படிப் பார்க்காது, அது பைட்டைத்தான் ஒப்பிடும். அந்த மெஷின்ல அலியாஸ் கோப்பை எழுதிக் குடுத்தவர் பழைய தட்டச்சு முறையில பழகினவர். முதல்ல கொம்பு, அப்புறம் எழுத்து, அப்புறம் கால்னு அடிப்பார். அவர் பயன்படுத்தின மென்பொருள் கொம்பையும் காலையும் ஒரே குறியாச் சேர்க்காம விட்டுடுச்சு. பிள்ளைங்க தமிழ்99ல அடிச்சது ஒரே துண்டு. எக்ஸ்எக்ஸ்டின்னு ஒரு கருவி இருக்கு, கோப்போட பைட்டை அப்படியே காட்டும். அதுல போட்டுக் காட்டினப்போ பிள்ளைங்க முகத்தைப் பார்த்திருக்கணும். எழுத்துக்குள்ள எண் இருக்குன்னு பாடத்துல படிக்கிறது வேற, தன் பேர்ல இருக்கிற ஓகாரத்தைப் பிரிச்சுப் பார்க்கறது வேற. ஒகரம், ஓகாரம், ஔகாரம் வர்ற எல்லா இடத்திலயும் இந்தச் சிக்கல் உண்டு. தமிழ்ல கோப்புப் பேர் வைக்கிறவங்களுக்கும் இது பொருந்தும்.

தமிழ்ல பேர் வைக்கிறதுல வேற தொல்லைகளும் இருக்கு, மறைக்க வேண்டியதில்ல. பல டெர்மினல்கள்ல எழுத்துக்கு ஒரு கட்டம்னு கணக்கு, கொம்பும் காலும் கட்டத்துக்குள்ள அடங்காமத் தள்ளி நிக்கும். கன்ட்ரோல் ஆல்ட் எஃப்3 போட்டு வர்ற கறுப்புத் திரையில தமிழே தெரியாது. விசைப்பலகையைத் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மாத்தி மாத்திப் போடணும், ஏன்னா கோப்புப் பேர் பெரும்பாலும் ஆங்கிலம். எல்எஸ் ரெண்டு தட்டு, பார் நாலு தட்டு. சுருக்கப் பேர்னு பார்த்தா இது சுருக்கமே இல்ல.

எங்க வகுப்பு அக்கா எதிர்த்தது வேற காரணத்துக்கு. அவங்க சொன்னது: இந்தப் பிள்ளைங்க ஏற்கனவே ஆங்கிலத்தைப் பார்த்து ஒதுங்குது. நாம இங்க ஒரு தனி உலகம் கட்டிக் குடுத்தா, வெளியில போற அன்னைக்கு அது இடிஞ்சு விழும். பாலிடெக்னிக் லேப்ல, வேலைக்கு எடுக்கிற பரீட்சையில போய் பார்னு அடிக்கவா முடியும். எட்டு எழுத்து ஆங்கிலக் கட்டளையை இப்பவே மனப்பாடம் பண்ணிட்டுப் போகட்டும். நாலு வாரம் இதையேதான் பேசினோம், சத்தமாவும் பேசினோம்.

அவங்க சொல்றதுல உண்மை இருக்கு. ஆரம்பத்துல சொன்னேனே, மரூஉ மாதிரித் தெரியற குழூஉக்குறி. முத்து அண்ணாமலை உருவாக்கின எழில் நிரல்மொழி மாதிரி ஒண்ணை எடுத்துக்கிட்டா, அது ஒரு முழு மொழி. பதிப்பி, ஆனால், முடின்னு தனக்குன்னு சொல்லும் இலக்கணமும் அதுக்கு உண்டு. எழில் நிறுவின எந்த மெஷின்லயும் அது ஓடும். எங்க பார், போ எல்லாம் அப்படி இல்ல. அந்த நாலு மெஷினோட நாலு கோப்புல மட்டும் இருக்கிற சங்கதி.

என் கட்சி இது. ஒரு பிள்ளை முதல் நாள் எல்எஸ்னு அடிக்கும்போது ரெண்டு விஷயத்தை ஒரே நேரத்துல கத்துக்குது. அடைவுன்னா என்ன, அதுக்குள்ள பார்க்கிறதுன்னா என்னங்கிறது ஒண்ணு. அர்த்தம் புரியாத ரெண்டு எழுத்து இன்னொண்ணு. ரெண்டையும் பிரிச்சுக் குடுத்தா என்ன கெட்டுது. அதோட பேஷ்ல டைப்னு ஒரு கட்டளை இருக்கு. டைப் பார்னு அடிச்சா, பார் என்பது எல்எஸ்ஸோட அலியாஸ்னு சொல்லிடும். அதாவது முகமூடியைக் கழட்டிக் காட்டும். கடைசியில ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டது இதுதான்: தமிழ்ப் பேர் ரெண்டு வாரம். ரெண்டாவது வாரம் முழுக்க ஒவ்வொரு சொல்லுக்கும் டைப் போட்டுப் பார்க்கணும். மூணாவது வாரம் அவங்கவங்களே அன்அலியாஸ் போட்டு ஒவ்வொண்ணா எடுக்கணும். எது வேணும், எது வேண்டாம்னு முடிவு அவங்களோடது.

அக்காவுக்கு இன்னும் முழுத் திருப்தி இல்ல. ஆனா ஒரு விஷயத்துல அவங்களே என் பக்கம் வந்தாங்க. அழிங்கிற பேர்.

ரெட் ஹேட் வகை லினக்ஸ்ல ரூட் பயனருக்கு ஆர்எம் என்கிற பேருக்கே ஆர்எம் ஹைஃபன் ஐன்னு அலியாஸ் போட்டுத் தர்றாங்க. சிபி, எம்விக்கும் அப்படியே. நல்ல எண்ணம்தான். ஒவ்வொரு கோப்பையும் கேட்டுட்டு அழிக்கும். ஆனா பழகினவங்க என்ன செய்வாங்க, அதான் கேக்குமேன்னு தைரியமா அடிப்பாங்க. அந்த அலியாஸ் இல்லாத வேற மெஷினுக்குப் போனா, அதே சொல், அதே விரல், கேக்காம அழிச்சுடும். எங்க வகுப்புல ஆர்எம்மைத் தொடவே இல்ல. அழின்னு புதுப் பேர். அந்தப் பேர் இல்லாத மெஷின்ல அடிச்சா என்ன ஆகும், அப்படி ஒரு கட்டளை இல்லைன்னு வரும். கோப்பு பத்திரமா இருக்கும்.

எங்ககிட்ட படிச்ச ஒரு பையன் பாலிடெக்னிக் சேர்ந்து முதல் மாசம் வந்து சொன்னது இது. லேப்ல எல்எஸ், சிடி எல்லாம் தடுமாறாம அடிச்சிருக்கான். ஒரு ஃபோல்டரை அழிக்கச் சொன்னப்போ மட்டும் ஆர்எம் வரை அடிச்சுட்டு நிறுத்தியிருக்கான். டைப் ஆர்எம் போட்டுப் பார்த்திருக்கான், அலியாஸ் இல்லாத வெறும் ஆர்எம்னு காட்டியிருக்கு. கைப்பட ஹைஃபன் ஐ சேர்த்து அடிச்சிருக்கான். பக்கத்து சீட்டுப் பையன் பொதுக் கணக்குல இருந்த எல்லாரோட வேலையையும் துடைச்சுட்டான்னும் சொன்னான், அதுக்கு நான் சாட்சி இல்ல.

ஏற்கனவே இருக்கிற பேருக்கு வேற அர்த்தம் குடுக்கிறதுல பெரிய நிறுவனங்களே சண்டை வாங்கியிருக்கு. மைக்ரோசாஃப்ட்டோட விண்டோஸ் பவர்ஷெல்லுல கர்ல்னு அடிச்சா வர்றது நிஜக் கர்ல் இல்ல, அவங்களோட வேற ஒரு கட்டளை. விருப்பத் தேர்வுகள் எதுவும் ஒத்துப் போகாது. 2016ல பவர்ஷெல்லைக் கட்டற்ற மென்பொருளா வெளியிட்டதும், கர்லை எழுதின டேனியல் ஸ்டென்பெர்க் அந்த அலியாஸை எடுத்துடுங்கன்னு மாற்றம் அனுப்பினார். பழைய ஸ்கிரிப்ட்டெல்லாம் உடையும்னு ஒரு பக்கம், பேரைத் திருடறீங்கன்னு இன்னொரு பக்கம், பெரிய விவாதம். அடுத்து வந்த பவர்ஷெல் 6ல அந்தப் பேர் இல்ல. பழைய விண்டோஸ் பவர்ஷெல்லுல இன்னும் அப்படியேதான் இருக்கு.

கடைசியா ஒண்ணு சொல்லிட்டு முடிக்கிறேன். பார் ஏன் இல்லைன்னு கேட்ட அதே பொண்ணு. அவளோட மாமா மரக்காணத்துல உப்பளத்துல வேலை. பாத்தியில உப்பு கூடற நேரத்துல மழை பெஞ்சா மறுபடி முதல்லேர்ந்து. அதனால வீட்டுல எந்நேரமும் மழைப் பேச்சு. டெர்மினல்லயே வானிலை காட்டற ஒரு இலவசச் சேவை இருக்கு, டபிள்யூ டபுள் டி ஆர் டாட் இன். கர்ல் போட்டு அந்த முகவரி, சாய்கோடு, ஊர்ப் பேர் குடுத்தா மேகப் படத்தோட வரும். அவ அதுக்கு மழைன்னு அலியாஸ் வெச்சா. மரக்காணத்துக்கு வேலை செஞ்சது. அடுத்து திண்டிவனத்துக்கும் கேக்கணும்னு, முகவரியைச் சாய்கோட்டோட நிறுத்திட்டு, மழை திண்டிவனம்னு அடிச்சா. வரல.

ஏன் வரலன்னு இப்ப நீங்களே சொல்லிடுவீங்க. ஷெல் ஒட்டறது முதல் சொல்லை மட்டும். ஊர்ப் பேர் அதுக்குப் பின்னாடி ஒரு இடைவெளி விட்டு நிக்கும். முகவரியோட ஒட்டாது. குடுக்கிற சொல்லைக் கட்டளைக்கு நடுவுல, நாம நினைச்ச இடத்துல வைக்கணும்னா அலியாஸால முடியாது, செயற்கூறு வேணும். பேர், பிறை அடைப்புக்குறி ஜோடி, சுருள் அடைப்புக்குறிக்குள்ள கட்டளை, சொல் வர வேண்டிய இடத்துல டாலர் ஒன்று, மூடறதுக்கு முன்னாடி ஒரு அரைப்புள்ளி. ஒரே வரி. செயற்கூறுக்கும் பேஷ்ல தமிழ்ப் பேர் வைக்கலாம். மாறிக்கு மட்டும் முடியாது, அங்க ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு இது மூணுதான். பேஷ் கையேடே அலியாஸை விடச் செயற்கூறு மேல்னு பெரும்பாலான வேலைக்குச் சொல்லுது. ஊர்ப் பேரை ஒவ்வொரு தடவையும் அடிக்கணும்கிறதுதான் அவளுக்கு எரிச்சல். நாலு ஊருக்கு நாலு தமிழ்ப் பேர் வெச்சுத் தானே தீர்த்துக்கிட்டா.

மாமா அதைப் பார்த்துட்டு, ஃபோன்லயே இதெல்லாம் வருதேம்மான்னு சொல்லிட்டாராம்.

மூணாவது வாரம் எல்லாரும் அன்அலியாஸ் போட்டப்போ பெரும்பாலான பிள்ளைங்க பார், படி, போ மூணையும் எடுத்துட்டாங்க. எல்எஸ்தான் சீக்கிரம்னு சொன்னாங்க. அவ மழையையும் அழியையும் வெச்சுக்கிட்டா. அதோட எங்கங்கிறதையும். பிடபிள்யூடி மூணு எழுத்துதானே, ஏன்னு கேட்டேன். வழி தெரியாதப்போ எங்கன்னுதான் அண்ணா வாயில வருதுன்னா.

உங்க அலியாஸ் கோப்பை ஒரு கிட் களஞ்சியத்துல வெச்சுக்கங்க, புது மெஷின்ல இறக்கிக்கலாம். கடவுச்சொல்லை மட்டும் அதுக்குள்ள எழுதி வெச்சுடாதீங்க, அலியாஸ்னு அடிச்சா திரையில வந்து நிக்கும். அடுத்த பகுதியில கிரானைப் பத்தித் தனியாப் பேசலாம்னு அக்கா சொல்லியிருக்காங்க, அவங்கதான் பேசறாங்க.